'ஹார்டுவேர் ஆஃப்': கோத்தகிரி வீடொன்றில் வைஃபை அணைந்த லேப்டாப்

பின்னணி

கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் ஊரில் இது நடந்தது. வீட்டில் நான்கு பேர். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள். மருமகள் வணிகவியல் படித்தவர். வீட்டிலிருந்தபடியே சுற்றுவட்டாரக் கடைகள் சிலவற்றுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதி, மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறார். வீட்டின் ஒரே கம்ப்யூட்டர் அவருடைய லேப்டாப். 2012 வாக்கில் விண்டோஸ் 7-உடன் வாங்கியது. பிறகு விண்டோஸ் 10-க்கு ஏற்றி, எஸ்எஸ்டி போட்டு, இன்றும் வேகக் குறைவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி கழற்றி மாட்டும் வகை. பக்கவாட்டில் லான் கேபிள் செருகும் துளை உண்டு. இந்த இரண்டும் பின்னால் உதவின.

இணையம் ஃபைபர் வழியாக வருகிறது. மோடம் ஹாலில் டிவி அலமாரிக்கு மேலே இருக்கிறது. மருமகள் வேலை செய்வது வீட்டின் கிழக்குக் கோடியில் உள்ள அறையில். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை அவ்வளவாக வராது, தொட்டபெட்டா மலை குறுக்கே நிற்கிறது. எங்களுக்கு மழை என்றால் அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான். அந்த மாதங்களில் கிழக்குச் சுவர் உள்பக்கமே வியர்த்து நிற்கும், உப்பு ஜாடியில் உப்பு கரைந்து கிடக்கும், துணி நாட்கணக்கில் காயாது. இதை இங்கேயே சொல்லிவைக்கக் காரணம், கோளாறின் வேர் அந்தச் சுவரில்தான் இருந்தது.

நான் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் வீட்டு மெஷின்களையும் பார்த்துக் கொடுப்பதுண்டு. யார் அடையாளமும் தெரியாதபடி, வீட்டாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

2024 நவம்பர் 8, வெள்ளி

முந்தைய இரவு நல்ல மழை, கரண்ட்டும் இரண்டு தடவை போய் வந்திருக்கிறது. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் நெட் இல்லை. வலது மூலையில் வைஃபை அலைக்குப் பதிலாக உலக உருண்டை அடையாளம். செட்டிங்ஸில் வைஃபை பொத்தான் 'ஆஃப்' என்று நின்றது. 'ஆன்' பக்கம் தள்ளினால் அரை நொடியில் தானாகவே திரும்பிவந்துவிட்டது. வீட்டில் இருந்த போன்கள் எல்லாம் அதே வைஃபையில் வழக்கம்போல ஓடின.

மருமகள் விண்டோஸின் ட்ரபிள்ஷூட்டரை ஓடவிட்டு, அது காட்டிய திரையைப் போனில் படம் எடுத்துவைத்தார். "யார்கிட்டயாவது காட்டலாம்னு எடுத்தேங்கண்ணா" என்று பிறகு சொன்னார். 'வயர்லெஸ் கேபபிலிட்டி இஸ் டர்ன்ட் ஆஃப்' என்பது தலைப்பு. கம்ப்யூட்டரின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ உள்ள சுவிட்சை, அல்லது ஃபங்ஷன் கீயைப் பயன்படுத்தி ஆன் செய்யவும் என்று கீழே ஒரு வரி. விடை முழுக்க அந்த ஒரு வரியில் இருந்தது. படம் எடுத்தவர் உட்பட அன்று அதை யாரும் நின்று படிக்கவில்லை. கம்ப்யூட்டர் சொல்லும் எதையும் படிக்காமல் 'ஓகே' அடித்துப் பழகிய கை நம் எல்லாருக்கும் உண்டு.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அக்டோபர் மாதத்துக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் நவம்பர் 11. அதற்குள் ஏற்றிய பில்கள்தான் 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில், வாங்கியவர்களின் கணக்கில் தெரியும். தவறினால் அவர்களுடைய உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். கடைக்காரர் திட்டுவது கணக்கெழுதுபவரைத்தான்.

ஒரு கோளாறு இரண்டானது

தீபாவளிக்கு வந்து, மழையால் கல்லூரிக்குத் திரும்பாமல் இருந்த பக்கத்து வீட்டுத் தம்பி உதவிக்கு வந்தார். பொறியியல் மாணவர், கெட்டிக்காரர், கை கொஞ்சம் வேகம். மோடத்தை அணைத்துப் போட்டார். பலன் இல்லை. லேப்டாப்பில் மேல்வரிசை கீகளை ஒவ்வொன்றாக ஃபங்ஷன் கீயோடு சேர்த்து அழுத்தினார். அதில் ஒன்று டச்பேடை அணைத்துவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவரவே ஒரு நேரம் ஆயிற்று. பிறகு விண்டோஸில் 'நெட்வொர்க் ரீசெட்' கொடுத்தார். அது எல்லா நெட்வொர்க் சாதனங்களையும் நீக்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் அதோடு போய்விடும். அதிலும் ஒன்றும் மாறவில்லை.

கடைசியாக மோடத்தின் பின்புறத்தில் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்திப் பிடித்தார். ரீஸ்டார்ட் செய்யும் பொத்தான் என்று நினைத்துவிட்டார். அது மோடத்தைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகிற பொத்தான். இணைப்புக் கொடுத்தவர்கள் பதிந்து வைத்திருந்த யூசர்நேம், பாஸ்வேர்ட், மற்ற அமைப்புகள் எல்லாம் அழிந்தன. அதுவரை லேப்டாப்பில் மட்டும் இல்லாத நெட், இப்போது வீட்டிலேயே இல்லை. பெரியவர் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசும் டேப்லெட்டும் நின்றுபோக, வீட்டில் பேச்சு சற்றுச் சூடாகியிருக்கிறது.

இந்த இடத்தை விரித்து எழுதக் காரணம், வீட்டு நெட் கோளாறுகளில் பாதி இப்படி நடுவழியில்தான் பிறக்கின்றன. போன் ஓடுகிறது, லேப்டாப் ஓடவில்லை என்றால் மோடத்தில் கை வைக்க வேலையே இல்லை. அங்கே கை வைத்ததும் இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது.

சனிக்கிழமை மாலை, மழைக்கு நடுவே, இணைப்பு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து விவரங்களை மறுபடி பதிந்தார். வைஃபைக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துக் கொடுத்ததால் போன்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "இது எங்க பக்கம் இல்லைங்க, சிஸ்டம் பிரச்சனை" என்றார். அது சரியான பதில்தான். டவுனில் ஒரு கடைக்குப் போன் போட்டுக் கேட்டபோது, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும், அதிலும் வரவில்லை என்றால் வைஃபை கார்டு போயிருக்கும் என்றார்கள். மெஷினைப் பார்க்காமல் சொன்னது. மருமகளைப் பயமுறுத்தியது இதுதான். டேலி தரவு முழுக்க அந்த லேப்டாப்பில் இருந்தது. கடைசியாகக் காப்பு எடுத்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பது அவருக்கே நினைவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு: முதலில் வேலை

என்னைக் கூப்பிட்டது ஞாயிறு காலை. போனதும் கோளாறைத் தொடவில்லை. மோடம் வந்த அட்டைப்பெட்டி டிவி அலமாரிக்குக் கீழேயே இருந்தது, அதற்குள் பிரிக்காத மஞ்சள் லான் கேபிள். ஒரு மீட்டர்தான் நீளம். லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டுவந்து, மோடத்துக்கும் அதற்கும் கேபிளைப் போட்டதும் நெட் வந்துவிட்டது. முதலில் டேலி தரவை ஒரு பென்டிரைவில் காப்பு எடுத்தோம். பிறகு அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து தாக்கல் வேலையை முடித்தார். ஒவ்வொரு கடைக்காரரையும் கூப்பிட்டு, அவர்கள் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டு வாங்க வேண்டும். அதனால் மதியம் தாண்டிவிட்டது.

கேபிள் போட்டது பரிசோதனையும்தான். கேபிளில் நெட் வருகிறது என்றால் ஃபைபர், மோடம், விண்டோஸின் இணைய அடுக்குகள், பிரவுசர் எல்லாம் சரி. மிச்சம் இருப்பது லேப்டாப்புக்குள் வைஃபை அலையை அனுப்பி வாங்கும் ரேடியோ ஒன்றுதான். வேலை முடிந்தபின் யாரும் தோள்மேல் நின்று பார்க்காததால் நிதானமாகத் தேடவும் முடிந்தது.

யார் அணைத்தது?

வைஃபை 'டிஸேபிள்' ஆகியிருக்கிறது என்று சொன்னால் போதாது. ஒரு லேப்டாப்பில் அதை அணைக்கக்கூடியவர்கள் பலர். ஏரோப்ளேன் மோட் அணைக்கலாம். நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பக்கத்தில் அடாப்டரையே யாராவது டிஸேபிள் செய்திருக்கலாம். அப்படியென்றால் அந்தப் படம் சாம்பல் நிறத்தில் இருக்கும், டிவைஸ் மேனேஜரில் 22 என்ற எண்ணோடு குறிப்பு வரும். வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் 'வ்லான் ஆட்டோகான்ஃபிக்' என்ற சர்வீஸ் நின்றுபோயிருக்கலாம். டிரைவர் கெட்டிருக்கலாம். இவை எல்லாம் விண்டோஸுக்குள் நடப்பவை. விண்டோஸுக்கு வெளியே, லேப்டாப்பின் போர்டிலிருந்தே ரேடியோவை அணைக்கும் கம்பி ஒன்றும் இருக்கிறது. அந்த அணைப்பைப் பூட்டு என்றும், அதைப் பூட்டுக் கம்பி என்றும் இனிச் சொல்கிறேன்.

ஏரோப்ளேன் மோட் ஆஃப். அடாப்டர் நிறத்தோடு இருந்தது. டிவைஸ் மேனேஜரில் எந்தக் குறையும் இல்லை. சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தில் கட்டளை கொடுக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட் திரையில் 'நெட்எஸ்ஹெச் வ்லான் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்று கொடுத்தால் வரும் விவரங்களில் 'ரேடியோ ஸ்டேட்டஸ்' என்ற பகுதியைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். அங்கே இரண்டு வரிகள் இருந்தன: 'ஹார்டுவேர் ஆஃப்', 'சாஃப்ட்வேர் ஆன்'. என் பக்கம் ஒன்றும் அணைக்கவில்லை, வெளியிலிருந்து அணைத்திருக்கிறார்கள் என்று விண்டோஸ் சொல்கிறது.

அப்போதுதான் மருமகள் போனில் இருந்த வெள்ளிக்கிழமைப் படத்தைக் காட்டினார். அதன் மதிப்பு அதில் எழுதியிருந்ததோடு நிற்கவில்லை, எடுத்த நேரமும் முக்கியம். நெட்வொர்க் ரீசெட்டுக்கும் கீ அழுத்தல்களுக்கும் முன்பே ஹார்டுவேர் ஆஃப் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி செய்த எதுவும் மூலக் கோளாறுக்குக் காரணம் இல்லை என்பது அந்த ஒரு படத்தால் தெளிந்தது. அவரிடமும் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக அந்தப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தார்.

இன்னொன்றும் கேட்டேன். இதற்கு முன் எப்போதாவது இப்படி ஆகியிருக்கிறதா?

"காலையில கொஞ்ச நேரம் வராதுங்கண்ணா, அப்புறம் தானா வந்துரும். மழை நாள்ல நெட்டு ஸ்லோன்னு நெனச்சுக்குவேன்."

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் இவென்ட் வியூவரில் வ்லான் ஆட்டோகான்ஃபிக் பதிவுகளைத் திறந்து பார்த்தோம். சில வாரங்களாகவே துண்டிப்புகள் இருந்தன. பெரும்பாலும் காலை வேளையில், லேப்டாப்பை இயக்கிய முதல் அரைமணிக்குள். லேப்டாப் சூடேறியதும் நின்றிருக்கின்றன. டிரைவர் கோளாறு காலை, மாலை பார்த்து வராது. நேரம் பார்த்து வருவது ஈரமும் குளிரும்தான்.

விண்டோஸை ஒதுக்கிப் பார்த்தது

சந்தேகம் வலுத்தாலும், புது விண்டோஸ் போடச் சொன்ன ஆலோசனைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு விண்டோஸையே விலக்கிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. உபுண்டு லினக்ஸ் போட்ட பென்டிரைவ் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பேன். அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பினால் உள்ளே இருக்கும் விண்டோஸையும் தரவையும் தொடாமல் வேறொரு இயங்குதளத்தில் நிற்கலாம்.

அங்கே 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளைக்கு வந்த பதில்: 'சாஃப்ட் பிளாக்ட்: நோ', 'ஹார்ட் பிளாக்ட்: யெஸ்'. விண்டோஸ் சொன்ன அதே வாக்குமூலம், அதைப் பற்றி எதுவுமே தெரியாத இன்னொரு சாட்சியின் வாயிலிருந்து. அதோடு விண்டோஸை மறுபடி போடும் பேச்சு முடிந்தது. ஆன மொத்த நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம். பெரியவர் மனைவி அந்த டீயையும் கொண்டுவந்து வைத்திருந்தார்.

அந்தப் பட்டியலில் இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. சில லேப்டாப்களில் தயாரிப்பாளர் பெயரில் தனியாக ஒரு வரி இருக்கும். போர்டிலேயே பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேர் தானும் ஒரு பூட்டு வைத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். இதில் 'ஃபை0' என்ற கார்டின் வரி மட்டும்தான். லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸிலும் வயர்லெஸ் பற்றி எந்த அமைப்பும் இல்லை. ஆகவே பூட்டு நேராகக் கார்டுக்கு வரும் கம்பியில்தான்.

முன்விளிம்புச் சுவிட்ச்

மாடல் எண்ணைப் போட்டு லேப்டாப்பின் கையேட்டைத் தேடி எடுத்தோம். முன்விளிம்பில் வயர்லெஸ் சுவிட்ச் என்று படத்தோடு இருந்தது. தலைகீழாகத் திருப்பி டார்ச் அடித்தால் மெமரி கார்டு துளைக்குப் பக்கத்தில், கறுப்பின் மேல் கறுப்பாக, நகத்தளவு கூட இல்லாத ஒரு நகரும் சுவிட்ச். அலை அடையாளம் தேய்ந்துபோயிருந்தது. இடுக்கில் பஞ்சும் தூசியும். அத்தனை வருடமாக லேப்டாப்பைப் பயன்படுத்தியும் மருமகள் அந்தச் சுவிட்சைப் பார்த்ததே இல்லை. "இப்படியொண்ணு இருக்குதுங்களா!" என்று பெரியவரும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

சுவிட்ச் 'ஆன்' பக்கம்தான் இருந்தது. யாரும் தெரியாமல் தள்ளிவிடவில்லை. இது சற்று எதிர்பாராதது. ஆகவே லினக்ஸில் 'ஆர்எஃப்கில் இவென்ட்' என்ற கட்டளையை ஓடவிட்டேன். பூட்டின் நிலை மாறும்போதெல்லாம் திரையில் ஒரு புதுவரி விழும், வரியின் கடைசியில் 'ஹார்ட் 1' அல்லது 'ஹார்ட் 0' என்று வரும். ஒன்று என்றால் அணைப்பு, பூஜ்யம் என்றால் திறப்பு. சுவிட்சை முன்னும் பின்னும் தள்ளினேன். உள்ளே மணல் அரைபடுவது போல் இருந்தது. திரையில் 1, 0, 1, 1, 0 என்று வரிகள் தாறுமாறாக விழுந்தன. பிறகு 'ஆன்' பக்கமே வைத்து, நகர்த்தாமல், நகத்தால் மட்டும் லேசாக அழுத்தினேன். 0 வந்தது. கையை எடுத்தேன், சில நொடியில் 1. மறுபடி அழுத்தினால் 0.

அவ்வளவுதான் நோயறிதல். சுவிட்ச் 'ஆன்' பக்கம் நின்றாலும் உள்ளே தொடுமுனை தொடவில்லை.

பேட்டரியைக் கழற்றி, சார்ஜரை எடுத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். மற்ற இடங்களில் வயதுக்கு ஏற்ற தூசி மட்டும். சுவிட்சின் கால்கள் போர்டில் சேரும் இடத்தில் மட்டும் பச்சை பூத்திருந்தது, செம்பு ஈரத்தில் கிடந்தால் வருமே அந்தப் பச்சை. அதைச் சுற்றி நீர் காய்ந்த வெள்ளை வளையம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? லேப்டாப்பில் யாரும் எதையும் கொட்டவில்லை. இரவில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதும் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கிழக்குச் சுவரில் பதித்த அலமாரி, கதவு கிடையாது. கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே லேப்டாப்பை நோட்டுப்போலச் செங்குத்தாகச் செருகி வைப்பது வழக்கம். கீல் பக்கம் மேலே, முன்விளிம்பு கீழே. அலமாரியின் அடிக்கல்லைத் தடவினேன், விரலில் ஈரம் ஒட்டியது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. பகல் முழுக்கச் சூடாக ஓடிய லேப்டாப்பை இரவில் அந்தக் குளிர்ந்த கல்மேல் நிறுத்தினால், படியும் ஈரமெல்லாம் தாழ்வான இடத்துக்குத்தான் இறங்கும். தாழ்வான இடத்தில் அந்தச் சுவிட்ச் இருந்தது.

என்னென்ன வழிகள், எது ஏன்

முதலில் வைஃபை கார்டை மாற்றுவது. கடை சொன்னதில் பாதி இதுதான். இது வீண்செலவாகப் போயிருக்கும். பூட்டுக் கம்பி போர்டிலிருந்து வருகிறது, புதுக் கார்டையும் அது அதேபோல அணைக்கும். மேலும் அந்தக் காலத்து லேப்டாப்கள் சிலவற்றில், தயாரிப்பாளர் அனுமதித்த கார்டு இல்லையென்றால் பயாஸ் ஏற்காது.

வெளியிலிருந்து வைஃபை தரும் யூஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கிச் செருகுவது. இதைக் குறைசொல்ல முடியாது. பூட்டுக் கம்பி டாங்கிளைத் தொடாது, விலையும் குறைவு. பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். ஞாயிறன்று கோத்தகிரியில் வாங்க வழி இல்லை, ஆன்லைனில் போட்டால் மழைக்காலத்தில் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. அதோடு, லேப்டாப்பைத் திறந்து காரணத்தைக் கண்ணால் பார்த்தாயிற்று. பச்சையை அப்படியே விட்டு மூடினால் அது சுவிட்சோடு நிற்காது, பக்கத்துச் சுற்றுகளுக்கும் பரவும்.

மூன்றாவது, கார்டில் அந்தப் பூட்டுக் கம்பி வரும் காலை, அதாவது செருகும் விளிம்பில் உள்ள உலோகத் தொடுமுனையை, டேப்பால் மூடிவிடுவது. அந்தக் காலத்து மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் 52 கால்கள். அதில் 20-ஆவது கால்தான் ரேடியோவை அணைக்கும் கம்பி. அதை மூடினால் போர்டு என்ன சொன்னாலும் கார்டுக்குக் கேட்காது. தொடர்பு இல்லையென்றால் ரேடியோ ஓடட்டும் என்றே கார்டு எடுத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்களைப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த வழிதான்.

நான்காவது, சுவிட்சைச் சுத்தம் செய்வது. இதைத்தான் முதலில் செய்தோம். டேப் ஒட்டுவது மெஷினின் இயல்பை வெளியில் தெரியாமல் மாற்றும் வேலை. நாளைக்கு வேறொருவர் திறந்தால் குழம்புவார். சுத்தம் செய்து சரியானால் லேப்டாப் பழையபடி லேப்டாப்பாகவே இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சிறு பிரஷ்ஷில் தொட்டு, சுவிட்சின் கால்களையும் இடுக்கையும் தேய்த்து, நகர்த்தி நகர்த்தி, மறுபடி தேய்த்து, நன்றாக ஆறவிட்டு மூடினோம். கார்டின் இரண்டு ஆன்டெனா ஒயர்களும் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டேன். திறந்து மூடும்போது அவை நழுவி, 'சிக்னல் குறைந்துவிட்டது' என்று அடுத்த புகார் வருவது வழக்கம்.

லேப்டாப்பைக் கிளப்பியதும் 'ஹார்டுவேர் ஆன்'. நெட்வொர்க் ரீசெட்டில் அழிந்த பாஸ்வேர்டை ஒருதடவை போட்டதும் வைஃபை சேர்ந்தது. அரிப்பு உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, மறுபடி வரலாம், வந்தால் டேப்தான் என்று மருமகளிடம் அப்போதே சொல்லிவைத்தேன். இரவில் லேப்டாப்பை அந்த அலமாரியில் வைக்கக் கூடாது என்பதும் அன்றே முடிவானது.

டிசம்பரில் மறுபடி

நவம்பர் முழுக்கத் தொல்லை இல்லை. டிசம்பர் மழையில் ஒரு காலை மறுபடி அதே உருண்டை அடையாளம். இந்தத் தடவை வீட்டில் யாரும் மோடத்தைத் தொடவில்லை. மருமகளே கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, 'ஹார்டுவேர் ஆஃப்' என்று பார்த்து, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, ஹாலில் கேபிளைச் செருகி வேலையைத் தொடர்ந்திருக்கிறார்.

புது சுவிட்ச் போட அந்த மாடலுக்குப் பாகம் கிடைக்கவில்லை. டேப் ஒட்டுவதால் என்ன மாறும் என்பதை முதலில் விளக்கினேன். இனி அந்தச் சுவிட்ச் வேலை செய்யாது, வைஃபையை அணைக்க வேண்டுமானால் விண்டோஸில்தான் அணைக்க முடியும். "அதை எப்பவும் அணைக்கறதே இல்லைங்களே" என்றார். ஒட்டினோம்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கார்டின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். 1 முதல் 16 வரை அதற்கு ஒரு பக்கம், 17 முதல் மறுபக்கம். ஒற்றைப்படைக் கால்கள் ஒரு முகத்திலும் இரட்டைப்படைக் கால்கள் மறுமுகத்திலும் இருக்கும். ஆக, இரட்டைப்படை முகத்தில் வெட்டைத் தாண்டிய இரண்டாவது கால்தான் 20. அதற்கு அடுத்த 22 கார்டை ரீசெட் செய்யும் கம்பி. டேப் அகலமாகி அதையும் மூடிவிட்டால் கார்டே தெரியாமல் போகலாம். சாதா செலோ டேப் சூட்டில் பசை விட்டு நகர்ந்துவிடும், சூடு தாங்கும் காப்டன் டேப்பை நூலளவு கீறி ஒட்ட வேண்டும். இதெல்லாம் பழைய மினி கார்டுக்கு மட்டும்தான். இப்போது வரும் எம்.2 கார்டுகளில் கால்களின் வரிசையே வேறு.

ஒட்டிய தேதியும் என்ன செய்தோம் என்பதும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை லேப்டாப்பின் பின்மூடிக்கு உள்பக்கம் ஒட்டினோம். அடுத்துத் திறப்பவர் நானாக இருக்க வேண்டும் என்று இல்லை.

பிறகு

அடுத்த வருட வடகிழக்கு மழையிலும் வைஃபை அறுபடவில்லை. சுவிட்ச் இருந்த இடத்தில் பச்சை மறுபடி பூத்திருக்கிறதா என்று ஒருதடவை திறந்து பார்த்தோம், இல்லை. லேப்டாப் இப்போது இரவில் ஹாலில், உள்சுவர் ஓரமாக உள்ள மர மேசையில் படுக்கிறது. கிழக்கு அறை அலமாரியில் கணக்குப் புத்தகங்கள் மட்டும், அவற்றுக்கும் அடியில் ஒரு பலகை.

மோடத்தின் ரீசெட் துளையை டேப்பால் மூடியிருக்கிறார்கள். இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, பெரியவர் தன் கையெழுத்தில் எழுதி மோடத்துக்குக் கீழேயே ஒட்டிவிட்டார். கிழக்கு அறை வரைக்கும் எட்டும் நீள லான் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்தாயிற்று. உண்மையில் கணக்கு வேலைக்கு இப்போது அதையே பயன்படுத்துகிறார், வைஃபையைவிட நிதானமாக இருக்கிறதாம். டேலி தரவு வாரம் ஒருமுறை பென்டிரைவுக்குப் போகிறது.

என் பக்கத்தில் மாறியது, போனில் கூப்பிடுபவர்களிடம் நான் கேட்கும் வரிசை. வீட்டில் வேறு போன் அதே வைஃபையில் ஓடுகிறதா, திரையில் என்ன எழுதியிருக்கிறது, அதைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா. இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை எந்த ரீசெட்டும் வேண்டாம் என்கிறேன். 'ஹார்டுவேர் ஆஃப்' என்று வந்தால் விண்டோஸில் எதையும் தொடுவதில்லை, நேராக லினக்ஸ் பென்டிரைவ்தான்.

முடியாமல் நிற்பது ஒன்று. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. இவ்வளவு பழைய பிராசஸர் விண்டோஸ் 11-இன் தேவைப் பட்டியலில் வராது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை அப்டேட் கிடைக்கும், அதில் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் வேறு மெஷின் வாங்குவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. டேலியை எதில் ஓட்டுவது என்பதில் மாமனாருக்கும் மருமகளுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.